மாஸ்கோவில் வெந்த பருப்பு

அமெரிக்காவில் ஒரு மாஸ்கோ இருக்கிறது. பதறாதீர்கள், உளவாளிகள் யாரும் இல்லை. ஐடஹோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் மடிப்பு மடிப்பான குன்றுகள், கோதுமை வயல்கள், நடுவில் ஒரு சின்ன ஊர். பட்டாணிக்கும் மைசூர்ப் பருப்புக்கும் உலகத் தலைநகரம் நாங்கள்தான் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட ஊர். அதன் பழைய பெயர் இன்னும் விசேஷம்: ‘பன்றிகளின் சொர்க்கம்’. பன்றிகள் விரும்பித் தின்னும் கிழங்கு அங்கே கொட்டிக் கிடந்ததாம். பிற்பாடு யாருக்கோ வெட்கம் வந்து பெயரை மாற்றிவிட்டார்கள்.

இந்த ஊரில் போய் ஜாஸின் பருப்பு வேகுமா?

ஜாஸின் ஜாதகம் உங்களுக்குத் தெரியும். நியூ ஆர்லியன்ஸ், மதுக்கடை, நள்ளிரவு, சிகரெட் புகை. அதைப் பிடித்துக் குளிப்பாட்டி, தலை சீவி, 1967-ல் மாணவர்களுக்கான ஒருநாள் விழாவாக்கியது ஐடஹோ பல்கலைக்கழகம். பள்ளி பஸ், கூடவே வாத்தியார், எதிரே நடுவர்கள். மனம்போன போக்கில் வாசி என்று சொல்லிவிட்டு அதற்கு மார்க் போடுவது, குறும்புக்கு ரேங்க் கார்டு கொடுப்பது மாதிரிதான். ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். மொய்த்தார்கள்.

பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் பெயர் ‘வாண்டல்ஸ்’. ஆமாம், ரோமாபுரியைச் சூறையாடினார்களே, அதே கோஷ்டி! அவர்கள் ஃபுட்பால் ஆடும், கூரை போட்ட கிபி டோமில்தான் பிற்காலத்தில் இரவுக் கச்சேரிகள் நடந்தன. சபா செக்ரட்டரி யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

1984 பிப்ரவரி. பனியில் வந்து இறங்கினார் லயனல் ஹாம்ப்டன். வயது எழுபத்தைந்து.

ஆள் யார் என்கிறீர்களா? 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ரெக்கார்டிங்குக்குப் போன இளம் டிரம்மர். ஸ்டுடியோவில் சும்மா நின்றிருந்த, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனைக் காட்டி, வாசிக்கத் தெரியுமா என்று ஆம்ஸ்ட்ராங் கேட்டாராம். நம்மாளுக்குத் தெரிந்தது சைலஃபோன். ஆனாலும் தெரியும் என்று அடித்துவிட்டார். இன்டர்வியூவில் ‘எக்செல் தெரியும் சார்’ என்கிறோமே, அதே துணிச்சல். நாம் வேலையில் சேர்ந்த பிறகு முழிக்கிறோம். அவர் அந்த வாத்தியத்தின் முதல் மகாவித்வான் ஆகிவிட்டார்.

தலைவருக்கு ஒரே வியாதி: மேடை ஏறினால் இறங்கத் தெரியாது. வைப்ரஃபோன் அடிப்பார். அலுத்தால் டிரம்ஸ். அதுவும் அலுத்தால் இரண்டே விரலால் பியானோ, நடுநடுவே பாட்டு வேறு. கைதட்டுகிற கடைசி ஆள் வீட்டுக்குப் போகும்வரை கச்சேரி முடியாது.

கணக்கு வழக்கெல்லாம் மனைவி கிளாடிஸ் கையில். சியாட்டிலில் ஒரு பதினைந்து வயதுப் பையன் ஹாம்ப்டனிடம் வாய்ப்புக் கேட்டான். இவரும் தாராளமாகச் சரி என்றுவிட்டார். மனம் மாறுவதற்குள் ஏறிவிடலாம் என்று பையன் டிரம்பெட்டோடு குழுவின் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டான். கிளாடிஸ் பார்த்தார். இந்தக் குழந்தையை இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று உத்தரவு! இறங்கிய குழந்தையின் பெயர் குவின்சி ஜோன்ஸ். சில வருடம் கழித்து அதே குழுவில் சேர்ந்தார்; மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தைத் தயாரித்தது அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு.

அந்தப் பாவத்துக்கு ஹாம்ப்டனுக்குச் சியாட்டிலின் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் விமோசனம் கிடைத்தது. பஸ் பஸ்ஸாகப் பள்ளிக்கூடமே வந்து இறங்குகிறது, இறக்கிவிட கிளாடிஸும் இல்லை (அவர் 1971-லேயே காலமாகிவிட்டார்). பெரியவர் மாஸ்கோவில் சொக்கிப்போனார், மறுபடி மறுபடி வந்தார். மறு வருடமே விழாவுக்கு அவர் பெயர். பக்கத்திலேயே செவ்ரான் எண்ணெய்க் கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டது. கலைக்கும் பெட்ரோல் போட வேண்டாமா? 1987-ல் இசைக் கல்லூரிக்கே அவர் பெயர் வைத்தார்கள். ஜாஸ் கலைஞர் ஒருவரின் பெயரைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரி தாங்குவது அதுவே முதல்முறை.

‘டாக்’ என்று எல்லாரும் அழைத்த லின் ஸ்கின்னர்தான் அப்போது விழாவின் இயக்குநர். ரே பிரவுன், ஹேங்க் ஜோன்ஸ் என்று ஜாம்பவான்களை அந்தப் பனிக்குள் வரவழைத்துக்கொண்டே இருந்தார். ரஷ்யப் பியானோக்காரர் லியோனிட் வின்ட்ஸ்கெவிச்சும் வந்தார். மாஸ்கோ வரை ஒரு கச்சேரி என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அமெரிக்கா போய் வரலாம், எவ்வளவு வசதி!

1997 ஜனவரியில் ஹாம்ப்டனின் நியூயார்க் ஃப்ளாட் தீப்பிடித்து, சேர்த்து வைத்ததெல்லாம் சாம்பல். இரண்டே நாளில் வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் வாங்க வேண்டும். ஏற்கெனவே பக்கவாதம் கண்ட உடம்பு. வேறு யாராயிருந்தாலும் லீவு லெட்டர் கொடுத்திருப்பார்கள். இவர் இரவல் சூட்டு, இரவல் ஷூவில் ஆஜர். மேடை, கேமரா, கிளிண்டன் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்போது வீடாவது தீயாவது!

2002-ல் அவர் போய்விட்டார். 2007-ல் அதே பதக்கம் விழாவுக்கே கிடைத்தது. பல்கலைக்கழகத்தார் போய் வாங்கிக்கொண்டார்கள், சொந்தக் கோட்டில்தான் என்று நம்புவோம்.