சேற்றுப் பூதமாக வேலைக்குச் சேர விரும்புவோர் கவனத்துக்கு

திகில் கதைத் துறையில் வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் ரத்தக் காட்டேரிப் பதவிக்குத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். அங்கே போட்டி கடுமை. முகவெட்டு வேண்டும், நல்ல கோட்டு வேண்டும், சொந்தமாக இல்லாவிட்டாலும் குத்தகைக்காவது ஒரு கோட்டை வேண்டும். ஓநாய் மனிதனுக்கு மாதம் ஒரு ராத்திரிதான் வேலை. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஜோம்பி என்றால் கும்பலோடு கும்பலாக நடக்க வேண்டும். உங்கள் பெயரைக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். எப்போதும் ஆள் தேவைப்படும் இடம் சதுப்பு நிலம் ஒன்றுதான். அழகு கேட்கமாட்டார்கள். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம். குளித்துவிட்டு வா என்று விரட்ட ஆள் கிடையாது.

விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சேற்றுப் பிரிவா, கூழ்ப் பிரிவா? வெளியாட்களுக்கு இரண்டும் ஒரே கொழகொழப்புதான். உள்ளே வேலை வேறு. சேற்றுப் பூதம் முன்னொரு காலத்தில் யாராகவோ இருந்தது. அதற்குத் தீர்க்காத கணக்கு ஒன்று பாக்கியிருக்கும். கூழ் எந்தக் காலத்திலும் யாராகவும் இருந்ததில்லை. அதற்குப் பசி மட்டும்தான் உண்டு. ஆகவே பகை, காதல், பங்காளித் தகராறு உள்ளவர்கள் சேற்றுக்கு வாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடே குறி என்பவர்கள் கூழுக்குப் போங்கள். கூழில் சேர்ந்துகொண்டு பழைய மனைவியை நினைத்து உருகுவது அந்தப் பிரிவின் ஒழுங்குக்கே கேடு.

சேற்றுப் பிரிவில் முதல் தகுதி, செத்திருக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. துறையின் மூத்தவரையே பாருங்கள். 1940 ஆகஸ்ட் மாத 'அன்னோன்' இதழில் தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய 'இட்' கதையில் வருகிறவர் அவர். காட்டில் யாரும் தேடி எடுக்காமல் கிடந்த ரோஜர் கிர்க் என்பவரின் எலும்புக்கூட்டைச் சுற்றி மக்கிய இலையும் மண்ணும் பூஞ்சையும் திரண்டு, ஒரு நாள் எழுந்து நடக்கிறது. அதற்கு யார்மேலும் கோபம் இல்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாய் ஒன்று எதிரே வந்தால், ரேடியோப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கும் பையன் மாதிரி அதைப் பிரித்துப் பார்க்கிறது. பிறகு மனிதர்களையும். கடைசியில் ஓடும் நீரில் விழுந்து கரைந்துபோகிறது. மிஞ்சிய எலும்புக்கூட்டுக்கு ஏற்கெனவே பரிசு அறிவித்திருந்ததால், அந்தப் பூதத்தால் சீரழிந்த குடும்பத்துக்கே பணம் வந்து சேர்கிறது. அந்தப் பணத்தில் அவர்கள் வசதியாகிறார்கள், சந்தோஷமாக இல்லை. இந்தப் பிரிவில் இன்றுவரை இதைவிட நல்ல கதை வரவில்லை என்பது என் கட்சி. உங்களுக்கு இதில் உள்ள நடைமுறைப் பாடம்: தேங்கிய தண்ணீர் சரி, ஓடுகிற தண்ணீர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அடுத்தவர் 'ஹீப்'. 1942 டிசம்பரில் 'ஏர் ஃபைட்டர்ஸ்' காமிக்ஸில் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில், 1918இல், போலந்துச் சதுப்பில் விழுந்த ஜெர்மன் விமானி ஒருவர், பிரபு வம்சம். உயிரை விட மனமில்லாமல் இருபது வருஷத்துக்கு மேல் சேற்றிலேயே கிடந்து ஊறித்தான் பதவிக்கு வந்தார். பயிற்சிக் காலம் நீளமாக இருக்கிறதே என்று முனகுகிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

அதுவரை பட்டம் எதுவும் கேட்கவில்லை. 1971இல் விதி மாறியது. மே மாதம் மார்வெல் நிறுவனத்தின் 'சாவேஜ் டேல்ஸ்' முதல் இதழில் 'மேன்-திங்' வந்தார். இயற்பெயர் டெட் சாலிஸ், உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர், பணியிடம் ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ். எதிரிகள் துரத்த, தான் கண்டுபிடித்த மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு காரோடு சதுப்பில் பாய்ந்தவர். இரண்டே மாதத்தில் போட்டி நிறுவனமான டிசியின் 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்' 92ஆம் இதழில் 'ஸ்வாம்ப் திங்'. அவரும் ஆய்வகத்துக்காரர்தான். நண்பனே சதி செய்து ஆய்வகத்தில் வெடி வைத்துக் கொன்று, மனைவியையும் கட்டிக்கொண்டான். மறு வருஷம் அதே பெயரில் தனித் தொடர் தொடங்கியபோது ஆளை மாற்றினார்கள், படிப்பை மாற்றவில்லை. லூசியானாச் சதுப்போரம் செடிகொடிகளைச் செழிக்க வைக்கும் மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்த அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி, ஆய்வகத்தில் குண்டு வெடித்து உடம்பெல்லாம் தீப்பிடித்து ஓடிச் சதுப்பில் விழுகிறார்.

யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். மேன்-திங் கதையில் கைவைத்த ஜெரி கான்வேயும் ஸ்வாம்ப் திங்கை எழுதிய லென் வைனும் அப்போது ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் என்பது அந்தச் சண்டைக்கு நெய் வார்க்கிறது. இரண்டுமே ஹீப்புக்கும், ஹீப் வழியாக ஸ்டர்ஜனுக்கும் கடன்பட்டவை என்று சொன்னால் சண்டை தீரும். ஆனால் தீர வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

நமக்கு வேண்டியது வரிசைமுறை. ரகசிய மருந்து, துரோகம், தீ, சேறு. இதில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போனால் விண்ணப்பம் தள்ளுபடி. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தை மட்டும் பற்றி எரிந்தபடி ஓடிவந்து விழக்கூடிய தூரத்தில் சதுப்பு இருக்கும் இடமாகப் பார்த்து அமையுங்கள். மாடிக் கட்டடம் உதவாது.

வேலையில் சேர்ந்தபின் பேசலாமா? மேன்-திங் பேசமாட்டார், யோசிக்கவும் மாட்டார். அடுத்தவர் மனதில் ஓடும் உணர்ச்சி மட்டும் அவருக்கு எட்டும். பயந்தவர்கள் அவர் கை பட்டால் கருகிப்போவார்கள். எனவே விருந்தாளி வந்தால் காபி கொடுத்துப் பதற்றத்தைக் குறைத்துவிட்டுத்தான் கைகுலுக்க வேண்டும். அவர் இருக்கும் சதுப்பில் எல்லா உலகங்களும் சந்திக்கும் வாசல் ஒன்று இருப்பதாக ஸ்டீவ் கெர்பர் எழுதிவைத்தார். அந்த வழியாக 1973இல் சுருட்டுப் பிடிக்கும் வாத்து ஒன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியது. பின்னாளில் தனிப் பத்திரிகையே கண்ட ஹோவர்ட் அதுதான். உங்கள் இடத்தில் யார் வந்து இறங்கினாலும் முகம் சுளிக்காதீர்கள். நாளைக்கு உங்களைவிடப் பெரிய ஆளாகிவிடுவார்கள்.

ஸ்வாம்ப் திங்குக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. பன்னிரண்டு வருஷமாக அவர் மறுபடி மனிதனாவதற்கு மருந்து தேடி அலைந்துகொண்டிருந்தார். 1984 பிப்ரவரியில் வந்த 21ஆம் இதழில், அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஆலன் மூர் என்ற ஆங்கிலேயர் அவரைப் பிணப் பரிசோதனை மேசையில் கிடத்தினார். அறுத்துப் பார்த்தால் உள்ளே நுரையீரல் மாதிரி ஒன்று, மூச்சு விடுவதற்கில்லை. இருதயம் மாதிரி ஒன்று, ரத்தம் இறைப்பதற்கில்லை. எல்லாம் வெறும் தாவரம். அலெக் ஹாலண்ட் அன்றைக்கே செத்துவிட்டார். அவரைத் தின்று வளர்ந்த செடிகொடிகள் தம்மையே ஹாலண்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தன. மனிதனாகத் திரும்ப முடியாது, ஏனென்றால் ஒரு நாளும் மனிதனாக இருந்ததே இல்லை. சேற்றுப் பிரிவின் அடிப்படை விதியையே ஒரே இதழில் புரட்டிப்போட்டார் மூர். நான் அந்த விதியைக் கைவிடத் தயாரில்லை. ஹாலண்ட் போனாலும் ஹாலண்டின் பாக்கிக் கணக்கு அந்தச் செடியில் அப்படியே இருந்தது. அதனால்தான் அது அழுதது. இருந்தாலும் பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுமுன் நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கும்போது கேட்பார்கள்.

காதலில் தடையில்லை. அதே தொடரில், 1985இல், அவர் தன் உடம்பில் விளைந்த கிழங்கைப் பறித்துக் காதலி ஆபிக்குக் கொடுக்கிறார். அவள் அதைச் சாப்பிட்டதும் அவர் பார்க்கும் உலகம் அவளுக்கும் தெரிகிறது. காமிக்ஸில் வந்த காதல் காட்சிகளில் மிக நாகரிகமானது இது. வேகவைக்க வேண்டியதுகூட இல்லை.

படிப்பும் காதலும் ஒத்துவராதவர்களுக்கு ஜப்பானில் கிளை இருக்கிறது. 1781இல் தோரியாமா செக்கியென் வரைந்த பேய்ப் படத்தொகுப்பில் தோரோதாபோ என்று ஒருவர் உண்டு. வயல் சேற்றிலிருந்து இடுப்புவரை எழுந்து நிற்பார். ஒரு கண், கைக்கு மூன்று விரல். பாடுபட்டுத் திருத்திய நிலத்தைப் பிள்ளை குடித்தே தொலைத்து விற்றுவிட, 'என் வயலைக் கொடு' என்று கத்துகிறார். வேதியியலும் இல்லை, வெடியும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கும் எந்த ஊரிலும் இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கலாம். நம்மூர்ச் சதுப்புகளில் கொள்ளிவாய்ப் பிசாசோடு நிறுத்திக்கொண்டார்கள். வாயில் நெருப்பைக் கொடுத்தார்கள், ஒரு வயல் பட்டாவைக் கொடுக்கவில்லை.

இதே ஜப்பானில், அதே 1971இல், 'காட்ஸில்லா எதிர் ஹெடோரா' வந்தது. காகித ஆலைக் கழிவால் டாகோனோஉரா துறைமுகம் நாறிக்கொண்டிருந்த காலம். ஹெடோரா அந்த மாதிரிக் கழிவையும் புகைக்கூண்டுப் புகையையும் தின்று வளர்கிற சகதி. உடைக்குள் இருந்த நடிகருக்குப் படப்பிடிப்பு நடக்கும்போதே குடல்வால் அழற்சி வந்துவிட்டதாம். மருத்துவக் காப்பீடு பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள்.

இனி கூழ்ப் பிரிவு. இங்கே சொல்ல அதிகம் இல்லை. பசிக்கு வரலாறு கிடையாது. 1958இல் வந்த 'தி பிளாப்' தான் இதற்கு இலக்கணம். விண்கல்லிலிருந்து ஒழுகி, பென்சில்வேனியாவின் சிறு ஊர் ஒன்றில் ஆட்களை விழுங்கி விழுங்கிச் சிவந்து பெருக்கும் கூழ். உண்மையில் அது சாயம் கலந்த சிலிக்கோன். குளிருக்கு மட்டும் அடங்கும் என்று கண்டுபிடித்து, தீயணைப்புக் கருவியின் கரியமில வாயுவை அடித்து உறையவைத்து, ஆர்க்டிக்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆர்க்டிக் குளிராக இருக்கும்வரை கவலையில்லை என்று நாயகன் சொல்கிறான். கூழ்ப் பிரிவினர் பூமி சூடாவதைப் பற்றிய செய்திகளைத் தவறாமல் படித்துவர வேண்டும்.

நிரந்தரப் பணி வேண்டுவோர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். சுரங்க நடைவழிகளைப் பத்தடிக் கட்டங்களாக வரைவது அங்கே வழக்கம். எனவே கேரி கைகாக்ஸ் பத்துக்குப் பத்துக்குப் பத்தடியில் ஒரு கூழ்க் கனசதுரத்தைச் செய்துவைத்தார். சுவருக்குச் சுவர் கச்சிதமாக உரசிக்கொண்டு, வழியில் உள்ள பிணம், குப்பை, வீரன் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டு போகும். துப்புரவுப் பணிதான், ஆனால் கௌரவமானது. 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ விளையாட்டில் சேர்வது மட்டும் வேண்டாம். அகிரா தோரியாமா வரைந்த நீலத் துளி. பல்லைக் காட்டிக்கொண்டே நிற்கும். புதிதாக வந்த சிறுவன்கூட இரண்டு அடியில் முடித்துவிடுவான். இந்தத் துளி இனத்தில் மேலே வந்தவர் ஒருவர்தான்: கத்திக்குத்துப்பட்டுச் செத்து வேற்றுலகில் கூழாகப் பிறந்து அரசராகவே ஆகிவிட்ட முப்பத்தேழு வயது நிறுவன ஊழியர். அவரது கதை 2013இல் இணையத்தில் தொடராகத் தொடங்கி அனிமேயாகவும் வந்துவிட்டது. கூழுக்குப் பூர்விகம் கூடாது என்ற விதியை மீறியவர் என்பதால் அவரை முன்னுதாரணம் காட்டி மனுச் செய்தால் ஏற்கப்படாது.

பணிப் பாதுகாப்பு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் ஸ்வாம்ப் திங் தொலைக்காட்சித் தொடராக வந்து, முதல் பகுதி வெளியான ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். மிச்சப் பகுதிகளை, வேலை போனது தெரிந்தபிறகு, வாராவாரம் ஒளிபரப்பினார்கள். சம்பள விஷயத்தில் பிளாப் படத்தின் நாயகன் ஸ்டீவ் மெக்குவீன் செய்ததைச் செய்யாதீர்கள். லாபத்தில் பங்கு வேண்டாம், கையில் காசு போதும் என்று சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டார். படம் சக்கைப்போடு போட்டது. அந்தச் சிலிக்கோனுக்கு அதுவும் இல்லை. ஒரு சேகரிப்பாளர் கைக்குப் போய் வாளிக்குள் அடைபட்டது. ஃபீனிக்ஸ்வில் ஊரில், படத்தில் பிளாப் புகுந்த அதே கலோனியல் தியேட்டரிலிருந்து ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவரும் விழா ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே அதை வாளியோடு கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஓய்வூதியம் என்று இந்தத் துறையில் இருப்பது அவ்வளவுதான். வாளிக்கு மூடி உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.