வினைமுற்று வருவதற்குள்

மகளிர் கல்லூரி ஒன்றில் தமிழ்ப் பேராசிரியனாக இருப்பவனுக்கு நேரக்கூடிய விபரீதங்கள் பல உண்டு. ஆண்டு விழா நாடகத்துக்கு வசனம் எழுதுவதும், கல்லூரி மலருக்கு மெய்ப்புப் பார்ப்பதும், வருகை தரும் பிரமுகர்களுக்கு வாழ்த்துமடல் யாத்துத் தருவதும் என் பிராப்தத்தில் எழுதப்பட்டவையே என்று நெடுங்காலத்துக்கு முன்பே மனத்தைப் பக்குவப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் கூடைப்பந்து அணியோடு மேலாளர் என்ற ஸ்தானத்தில் பிரயாணம் செய்வதும் அந்த எழுத்தில் அடக்கம் என்பதை, முதல்வர் அம்மையார் என்னைத் தம் அறைக்கு அழைத்து ஒரு சுற்றறிக்கையை என் பக்கமாகத் திருப்பி வைத்தபோதுதான் அறிந்துகொண்டேன். வழக்கமாகப் பெண் ஆசிரியை ஒருவரே செல்வார். அவ்வாண்டு ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஒருவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. மற்றொருவருக்குப் பேருந்தில் ஏறினாலே தலைசுற்றல். “ஐயாவுக்குத்தான் தலை நல்லா நரைச்சாச்சே” என்றார் முதல்வர். அதை அவர் பாராட்டாகச் சொன்னாரா, தகுதிச் சான்றாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எந்தக் காரியத்தில் இறங்கினாலும் முதலில் அதன் பூர்வோத்தரத்தைப் படித்துவிட வேண்டும் என்பது என் போன்றவர்களைப் பீடித்த நோய். ஆகவே பந்தைத் தொடுவதற்கு முன் நூலகத்துக்குப் போனேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிருக்கு அஞ்சி உள்ளே அடைபட்டுக் கிடந்து குழப்பம் விளைத்த மாணவர்களுக்கு ஏதேனும் வேலை கொடுத்தாக வேண்டுமென்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அறைந்து இந்த விளையாட்டைத் தொடங்கினாராம். கூடையின் அடிப்பாகத்தை நீக்கிவிடலாம் என்ற யோசனை உடனே எவருக்கும் உதிக்காமையால், பந்து விழும்போதெல்லாம் யாராவது ஏணியில் ஏறி அதை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தின் அந்த ஆதிகால வேகம் என் சுபாவத்துக்கு மிகவும் உவப்பானதென்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்ததால் இன்றும் உலகெங்கும் வளையம் 10 அடி உயரத்திலேயே இருக்கிறது. அக்கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் இரண்டடி தாழ்த்திக் கட்டியிருந்தால், சராசரியாக என் தோளுக்கு வருகிற எங்கள் பெண்கள் எத்தனை கோப்பைகளைக் கொண்டு வந்திருப்பார்கள்!

அடுத்த ஆண்டே அந்த ஆட்டத்தை ஸ்மித் கல்லூரி மாணவியருக்குக் கற்பித்தவர் செண்டா பெரன்சன் என்ற அம்மையார். அளவுக்கு மீறிய ஓட்டம் மங்கையரின் நரம்புகளுக்கு ஆகாது என்ற அக்காலத்து அபிப்பிராயத்துக்கு இணங்கி, அவர் களத்தை மூன்று கூறாகப் பிரித்து, அவரவர் தத்தம் கூற்றை விட்டு நகரக் கூடாதென்றும், பிறர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கலாகாதென்றும், மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாதென்றும் விதி செய்தார். 1893-இல் அங்கே நடந்த முதல் ஆட்டத்தைக் காண ஆடவர் அனுமதிக்கப்படவில்லை. 1896-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு மாணவியரும் பெர்க்லி மாணவியரும் மோதியபோதும் ஆடவர்க்கு இடமில்லை. அந்த ஆட்டத்தில் 2-1 என்ற கணக்கில் ஸ்டான்ஃபோர்டு வென்றது. ஆடவரை வாசலிலேயே நிறுத்திய அந்த விவேகத்தின் முழு ஆழமும், பெஞ்சின் ஓரத்தில் குடையோடு நான் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புலனாயிற்று.

மேலாளரின் கடமைகள் பல்கலைக்கழக விதிநூலில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் நடைமுறையில் அவை செருப்பிலிருந்து தொடங்குகின்றன. ஆட்டம் ஆரம்பமாகுமுன் பன்னிரண்டு பெண்களின் செருப்புகளும், கைபேசிகளும், கைக்கடிகாரங்களும், வளையல்களும், தோடுகளும், ஹேர்பின்களும் என் மடியிலும் மடியைச் சுற்றிலும் வந்து குவியும். “ஐயா, என் கம்மல்ல ஒண்ணு திருகாணி லூசு, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஓடுவாள் ஒருத்தி. எந்தக் கம்மல் என்று கேட்பதற்குள் அவள் மைதானத்தின் மறுகோடியில் இருப்பாள். இவற்றுக்கிடையே சிற்றுண்டி ரசீது, பயணப்படி வவுச்சர், வாழைப்பழக் கணக்கு. திரும்பி வந்த பின், ஆட்டத்துக்குப் போன நாட்களுக்கு ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’ வருகை, போட்டுத் தருமாறு சக ஆசிரியர்களிடம் கடிதங்களோடு அலைய வேண்டும். “கால்குலஸ் காத்திருக்குமா சார்?” என்று ஒருவர் என்னைக் கேட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பொறுக்காதா என்று சொல்ல நா எழுந்தது. கையொப்பம் வேண்டியிருந்ததால் அடங்கிற்று.

தகப்பனார்களைச் சம்மதிக்கச் செய்யும் பணியும் என்னையே சேர்ந்தது. இடக்கையால் எறியும் சின்னப் பெண் ஒருத்தி, அணியிலேயே கெட்டிக்காரி. அவள் தந்தை மட்டும் வெளியூர் என்றதும் தலையை ஆட்டிவிட்டார். நான் சங்ககாலத்துப் பெண்பாற் புலவர்களில் தொடங்கி, இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது வரை, இடையில் எதையும் விட்டுவிடாமல், சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு எங்க சார் வேலை பாத்துது?” என்றார். தெற்கு ரயில்வேயில் என்றேன். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று கையெழுத்துப் போட்டார்.

எங்கள் களம் சிமெண்டுத் தரை. ஓரத்தில் ஒரு வேப்பமரம். காலை ஆறு மணிக்கு உடற்கல்வி இயக்குநர் அம்மையார், அதாவது அனைவர்க்கும் பி.டி. மேடம், உதிர்ந்த பழங்களைப் பெருக்கச் சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தாரென்றால் எட்டு மணிக்குத்தான் எடுப்பார். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மரபில் வந்தவர் அவர். சோம்பலை ஒரு நோயாகக்கூட அங்கீகரிக்க மாட்டார். அவர் விசிலுக்குக் கட்டுப்பட்டு நானும் அந்நேரத்துக்குக் குளித்து முழுகி வந்து நின்றேன். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பருவத்தின் முதல் ஆட்டம், பக்கத்து மாவட்டத்தில் நடந்த மின்னொளிப் போட்டி. மூன்றாம் கால்பகுதியிலேயே எதிரணியின் கணக்கு எங்களுடையதைப் போல் இரு மடங்காகிவிட்டது. ஒரு நிமிட ஓய்வு கேட்ட மேடத்துக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “ஐயா, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்று சைகையும் குரலுமாகச் சொன்னார். நான் எழுந்தேன். “எதிர்நின்று ஆடுவோர் உயரத்தாலும் அனுபவத்தாலும் நம்மினும் மேம்பட்டவராயினும், அவர்தம் வெற்றிக்கு அவர்களுடைய ஆற்றல் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு நம்முடைய அச்சமும் காரணமென்பதை நன்குணர்ந்து, இனி எஞ்சியுள்ள நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவரும்...” என்பது வரை வந்தபோது மணி அடித்துவிட்டது. தாங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்பதை அறியாமலேயே ஐந்து பெண்களும் களத்துக்குத் திரும்பினார்கள், அறியாமலேயே தோற்றார்கள். திரும்பும் பேருந்தில் அணித்தலைவி முன்னிருக்கையிலிருந்து எழுந்து வந்து, “ஐயா, கடைசியா என்ன சொல்ல வந்தீங்க?” என்று மெய்யான ஆவலோடு கேட்டாள். கும்பகோணம் தாண்டியதும் அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்தேன்.

பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிட வேண்டும் என்பது இக்காலத்து விதி. “ஐயா ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள நமக்கு ரெண்டு தடவை பந்து போயிடும்” என்று அணியில் ஒரு வசனம் வழக்கில் வந்தது. பயிற்சியில் எவளேனும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றால், “ஏய், ஐயா மாதிரி நிக்காத, போடு!” என்று மற்றவர்கள் கூவுவதை என் செவியாலேயே கேட்டிருக்கிறேன். கேளாதவன் போல் வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மண்டலப் போட்டிகளில் அணி வேறொரு பிறவி எடுத்தது. எப்படி என்பதை விவரிக்க எனக்கு ஆட்ட ஞானம் போதாது. பி.டி. மேடம் ரீபவுண்டு என்பார், லேஅப் என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புக் குவியலை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போயிற்று என்பதுதான். இறுதியாட்டத்தில் 43-43. இன்னும் சில வினாடிகளே. மேடம் ஓய்வு கேட்டார். வியர்வையும் மூச்சுமாக எல்லோரும் வந்து சூழ்ந்தார்கள். அப்போது தலைவி என்னைப் பார்த்து, “ஐயா, நேரமில்ல. வினைமுற்றை மட்டும் சொல்லிடுங்க” என்றாள்.

“எறியுங்கள்!” என்றேன்.

“எறியாதீங்கடி! பாஸ் பண்ணுங்க!” என்றார் மேடம்.

ஏவலும் எதிர்மறை ஏவலும் ஒருங்கே பெற்ற அந்த இடக்கைப் பெண், இரண்டையும் மதியாமல், பந்தைத் தட்டிக்கொண்டே நால்வருக்கு நடுவே புகுந்து போய், தள்ளிவிடப்பட்டு, தரையில் விழுந்தாள். நடுவர் ஃபவுல் கொடுத்தார். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தின் விளிம்பில் மோதித் திரும்பியது. இரண்டாவது விழுந்ததை நான் பார்க்கவில்லை. கீழே சிந்திய கம்மல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கூச்சலைக் கேட்டு நிமிர்ந்தபோது 44-43.

மண்டல வெற்றியாளர்களுக்கிடையே நடந்த போட்டியில் மூன்றாமிடம். அந்தக் கோப்பை முதல்வர் அறையின் அலமாரியில் உயரம் போதாமல் இன்றும் சாய்ந்தே நிற்கிறது. வாழைப்பழச் செலவில் ஒரு சீப்புக்கு ரசீது இல்லையென்று அலுவலகத்தில் ஆட்சேபம் எழுப்பினார்கள். அதற்கு விளக்கம் எழுதியதில் எனக்கு மூன்று பக்கம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு பெண் ஆசிரியைகள் அனைவரும் சௌக்கியமாக இருந்தமையால், என்னை அப்பொறுப்பிலிருந்து விடுவிக்க முதல்வர் பெருந்தன்மையோடு எண்ணினார். அதையறிந்த பெண்கள் ஒரு விண்ணப்பம் எழுதி, முதல்வரிடம் கொடுக்குமுன் பிழை பார்த்துத் தருமாறு என்னிடமே கொண்டுவந்தார்கள். எங்கள் செருப்புகளையும் நகைகளையும் ஐயாவைப் போல் நாணயமாகப் பாதுகாப்பவர் எவரும் இலராகலானும், அவரது உரையினால் ஆட்டத்துக்கு எவ்விதத் தீங்கும் நேராதவாறு நாங்கள் பழகிக்கொண்டுவிட்டோமாகலானும் என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக அது ஓடியது. இரண்டு இடங்களில் வல்லினம் மிகாமல் விட்டிருந்தார்கள், திருத்திக் கொடுத்தேன்.