வரப்புல ஏத்துடா பேராண்டி

இன்னாடா பேராண்டி, போனையே மொறைச்சுகினு குந்தியிருக்க? ஓ, செலவு எழுதுற ஆப்பா? அதுக்கு மாசம் 150 ரூபாயா? சரிதான். மொத வரியில அந்த 150-ஐ எழுதிக்க.

சம்பளத்த 50, 30, 20-ன்னு மூணு பங்காப் பிரிக்கணுமாமே? அமெரிக்காவுல எலிசபெத் வாரன்னு ஒரு அம்மா, மவளோட சேந்து 2005-ல புக்கு போட்டாங்கன்னு நீதான சொன்ன. தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20. நல்ல கணக்குதான். ஆனா அந்தம்மா கணக்குல வருசத்துக்கு எத்தினி மாசம் சம்பளம்? பன்னெண்டு. நம்ம மரக்காணத்து உப்பளத்துல? தையில எறங்குனா பொரட்டாசி வரைக்கும் வேல. ஐப்பசியில வானம் இருட்டுச்சுன்னா அளமே ஏரி. ஒம்போது மாசக் கூலியில பன்னெண்டு மாசம் சோறு. கைநாட்டு வெக்கிற ஒங்க ஆயா அத்த ஓட்டிக் காட்டுனா. எந்த ஆப்புல?

உப்பு எங்கேருந்து வருதுன்னு கேட்டா பாக்கெட்டுலேருந்துன்னுவ. கேளு. உள்ள வர்ற தண்ணியோட உப்புக் கனம் ஏறக்குறைய 3 டிகிரி. பாத்தி மாத்திப் பாத்தி மாத்திக் காஞ்சு, 25 டிகிரி தொட்டாதான் உப்பு பூக்கும். பூத்தத வாருபலகையால இழுத்து வரப்புல ஏத்திடணும். அம்பாரம் கட்டி, கீத்துப் போட்டு மூடணும். ஒருதபா நானும் ஒன்ன மாரி, நாளைக்கு வாரிக்கலாம்னு படுத்துட்டேன். ராத்திரி ஒரு கோடை மழை. விடிஞ்சு போனா முட்டிக்காலு தண்ணி. ஒங்க ஆயா ஒரு வார்த்த பேசல. கஞ்சியில உப்பு போடாம குடுத்தா.

ஒஞ்சம்பளம் ஒண்ணாந்தேதி பூக்குது. பத்தாந்தேதி பாத்தா வெறுந்தண்ணி. மாசக் கடைசியில மிஞ்சுனா சேத்து வெக்கிறேன்ற. மழை வுட்டப்புறம் உப்பு வாருறேன்றவன எந்த அளத்துலடா வேலைக்கு வெப்பான்? போஸ்டாபீசுல ஆர்.டி. இருக்கு. மாசம் 100 ரூபாய்க்கே தொறக்கலாம், அஞ்சு வருசம். அங்க ஏசி இல்ல, அதான ஒனக்குக் கசக்குது?

அப்புறம் அந்தப் பளபளா கிரெடிட் அட்டை. மொதல்ல கொஞ்ச நாளு வட்டியே இல்லையாம். அந்த நாளு தாண்டுனா? மாசம் நூத்துக்கு மூணு, மூணரை. இத்த நம்மூர்ல மூணு வட்டின்னுவோம். மழைக்காலத்துல அந்த வட்டிக்கு வாங்கித் தின்னவன் தையில கடனோடதான் அளத்துல எறங்குவான். எங்க வட்டிக்காரன் திண்ணையில குந்திகினு திட்டுவான். ஒங்காளு 'அன்பார்ந்த வாடிக்கையாளரே'ன்னு மெசேஜு அனுப்புறான். இன்னா மரியாத!

ஒங்க ஆயா பேங்கு தெரியுமா? பரண்ல இருக்குற கருவாட்டுப் பானை. மீனு மலிஞ்சு கெடக்கற நாள்ல நெத்திலிய அள்ளியாந்து, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல காய வெச்சு, பானையில போட்டு வாயக் கட்டிடுவா. நடுவுல நான் எட்டிப் பாத்தாக்கூட கையில கரண்டி வுழும். கார்த்திகையில படகு எறங்காது, மீனு வெலையக் கேட்டா மயக்கம் வரும். அப்பதான் பானை பரண விட்டு எறங்கும். மூடி தொறந்த வாசனைக்கே அரைப்படி சோறு எறங்கும்.

இப்ப மழைக்காலத்துக்குன்னு உப்பளத்துக்காரங்களுக்கு கவுருமெண்டு 5,000 ரூபா நிவாரணம் தருது. அரிசிக்கு இவ்ளோ, மண்ணெண்ணெய்க்கு இவ்ளோன்னு ஆயா வெரல் வுட்டு எண்ணி முடிஞ்சு வெச்சிருந்தா. போன தீவாளிக்கு நீ ஈ.சி.ஆர். ரோட்டுல தவணைக் காருல வந்து எறங்குன. திரும்பிப் போறப்போ அந்த முடிச்ச அவுத்து, டீசலுக்கு 2,000 குடுத்தது யாருடா? பானையில பாதி நெத்திலியும் ஒன் டிக்கியிலதான போச்சு?

சரி, அந்த ஆப்புல அது எந்தக் கட்டத்துல எழுதியிருக்க? தேவையா, ஆசையா?