உரிமையாளரை மறைத்தல்: வீட்டுத் தரகு குறித்து ஓர் ஆய்வு

வீடு விற்பது பற்றி உலகில் இரண்டே கொள்கைகள் உள்ளன. “நமக்கு எதுக்குத் தரகர், நாமே வித்துக்கலாம்” என்பது ஒன்று. இதைச் சுயவிக்கிரயவாதம் என்று வைத்துக்கொள்வோம். “எல்லாத்தையும் அவரே பாத்துப்பார்” என்பது மற்றொன்று, அதாவது தரகுவாதம். முதல் கட்சியில் சேர்ந்து, ஆறு மாதத்தில் இரண்டாம் கட்சிக்குத் தாவாத வீட்டுக்காரரை நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை ஆகிய ஆய்வுக் களங்களில் காண்பது அரிது. இந்தக் கட்சித் தாவல் ஏன் நிகழ்கிறது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

சுயவிக்கிரயவாதிகளின் முதல் ஆதாரம் கமிஷன். கணக்கில் பிழையில்லை. சென்னையில் விற்பவரிடம் வழக்கமாக 1 சதவீதம், சில இடங்களில் 2. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 1 லட்சம் அல்லது 2 லட்சம். வாங்குபவர் தம் பங்கைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதே வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 லட்சத்தை அரசுக்கு முணுமுணுக்காமல் கட்டிவிடுகிறார். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் மட்டுமே 4 சதவீதமாக இருந்தது. அப்போதும் கட்டினார். கோடை முழுக்கத் தம்மை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த மனிதருக்கு 1 சதவீதம் எடுத்து வைக்கும்போதுதான் அவருக்கு மார் அடைக்கிறது. “அப்படி என்ன செஞ்சுட்டாரு? கதவைத் திறந்து காட்டினாரு, அவ்வளவுதானே?”

இந்தக் கேள்வியை அறிவியல்பூர்வமாக எதிர்கொள்ள வேண்டும். கதவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம், பட்டா எல்லாம் பீரோவில் இருக்கின்றன. பத்திர எழுத்தர் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே கிடைப்பார். விளம்பரம் செய்வதும் பெரிய வித்தையில்லை. கேட்டில் ஓர் அட்டை தொங்கவிட்டால் போதும்: “வீடு விற்பனைக்கு. தரகர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்.” இந்த அட்டையைப் பார்த்து முதலில் போன் செய்பவர் தரகர். இரண்டாவதாக அழைப்பவர், தாம் தரகர் இல்லை, பார்ட்டிக்குச் சொந்தக்காரர் என்பார்.

அப்படியானால் தரகர் செய்யும் வேலைதான் என்ன? விடை ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடைக்கும். வாங்க வந்தவர், அவர் மனைவி, மாமியார் ஆகிய மூவரும் சமையலறையில் நிற்கிறார்கள். தரகர் இல்லை. மாமியார் மேடையை விரலால் தட்டிப் பார்த்து, “சமையக்கட்டு கொஞ்சம் சின்னதுதான்” என்கிறார். வீட்டுக்காரர் உடனே, “இதே சமையக்கட்டுலதாம்மா என் பொண்ணு சீமந்தத்துக்கு எண்பது பேருக்குச் சமைச்சோம்” என்கிறார். அந்த நிமிடமே வியாபாரம் படுத்துவிட்டது. மேற்கொண்டு ஹாலில் நடப்பது உபசாரம் மட்டும்.

அங்கே மாப்பிள்ளை கேட்கிறார்: “ஏன் சார் விக்கிறீங்க?” வீடு விற்கும் துறையில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. வீட்டுக்காரர் உண்மை விளம்பி. “முழங்கால் வலி, மாடி ஏற முடியல. தண்ணி லாரிக்காரனோட மல்லுக்கட்ட முடியல. பையனும் சீக்கிரம் முடிங்கப்பாங்கறான்.” ஒவ்வொரு காரணத்துக்கும் இரண்டு லட்சம் குறைகிறது. தரகராக இருந்தால் ஒரே வரிதான்: “பையன் அமெரிக்கால செட்டில் சார், இவங்களும் கிளம்பறாங்க.” இதில் வீட்டுக்குக் குறையில்லை, விற்பவருக்கு அவசரமில்லை, கூடவே ராசியான வீடு என்ற சான்றிதழும் வந்துவிடுகிறது. பையன் கோயம்புத்தூரில் இருந்தால்தான் என்ன?

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். வீட்டுத் தரகர் அந்தத் துண்டைப் போடுவது உரிமையாளர் வாய் மேல். வாங்குபவர் கார் அருகே நின்று, “இந்த இடிஞ்ச வீட்டுக்கு ஒரு கோடியா?” என்கிறார். போர்ட்டிகோவை வந்தடையும்போது அது, “வீடு ரொம்பப் பிடிச்சிருக்காம் சார், பட்ஜெட்தான் கொஞ்சம் இடிக்குதாம்” என்று ஆகிவிடுகிறது. “காசில்லாதவனெல்லாம் எதுக்கு வீடு பாக்க வரான்?” என்ற உரிமையாளரின் பதில் மறுபடி காருக்குப் போகும்போது, “ஓனர் உங்களுக்குத்தான் குடுக்கணும்னு பிரியப்படறார்” என்று மாறுகிறது. இருபதடி தூரத்தில் இவ்வளவு ரசவாதம் செய்ய 1 சதவீதம் அதிகமா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. தரகருக்கு அவசரம் உண்டு. ஒரு கோடிக்குப் போக வேண்டிய வீட்டை 95 லட்சத்துக்கு முடித்தால் உரிமையாளருக்கு 5 லட்சம் நஷ்டம், 1 சதவீதத் தரகருக்கு 5,000 ரூபாய்தான். ஆகவே “முடிச்சிடலாம் சார், இந்த மாதிரி பார்ட்டி அமையாது” என்பது கால்பங்கு அறிவுரை, முக்கால்பங்கு பசி. இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தின் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பார்க்கிறார்கள் என்பது அதன் முடிவு. அந்த 9.5 நாளும் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்பது நமது ஊகம்.

சட்டம் இந்த விஷயத்தில் அதிகம் உதவாது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டுமான நிறுவனம் பதிவு செய்த திட்டத்தில் மனை, வீடு விற்றுத் தரும் முகவர் பதிவு பெற வேண்டும். நீங்கள் குடியிருந்த பழைய வீட்டை விற்றுத் தரும் டீக்கடைத் தரகர் அந்த வலைக்குள் வரமாட்டார். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் மட்டும் உரிமையாளரைப் பேசச் சொல்கிறது. சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத முக்கியக் குறை, பத்திரத்திலோ வீட்டிலோ இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை பேசுவது சட்டம். சீமந்தத்தில் தொடங்குவது சேதம்.

எனவே, தரகர் இல்லாமல் விற்றே தீருவேன் என்பவர்களுக்கு இவ்வாய்வின் பணிவான வேண்டுகோள்: வீடு பார்க்க ஆள் வரும் நாளில் வில்லங்கச் சான்று, பட்டா நகல், வீட்டின் குறைகளை ஒளிக்காமல் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை ஹால் மேசைமேல் வையுங்கள். சாவியை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். நீங்கள் கோயிலுக்குப் போய்விடுங்கள்.