பாயிண்ட் ஏற்றப் படலம்: கொல்லிமலைக் களத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ரம்மியில் பாயிண்டுக்குப் பத்துப் பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறுவது எப்போது முறை, அதற்குக் கைமுதல் எவ்வளவு வேண்டும் என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் சீண்டவே இல்லை. அறம் சொன்னவர்கள் ஆடவே கூடாது என்று முடித்துக்கொண்டார்கள். ஆடுகிறவர்களுக்கு எழுத நேரமில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆகவும் மருந்தை 95ஆகவும் வைத்தார். இந்த வரிசையைப் பார்த்தால், அவர் ஒரு சனிக்கிழமை இரவையும் அதற்கடுத்த ஞாயிறு காலையையும் நேரில் கண்டவர் என்று கொள்ள இடமுண்டு.

களம்: செம்மேட்டில் ஒரு விடுதி அறை. காலம்: ஆடிப் பதினெட்டை ஒட்டிய வல்வில் ஓரி விழா. வெளியே மழை, கரண்ட் இல்லை. ஆகாய கங்கைக்குப் படியிறங்கி ஏறிய கால்கள் இனி எதற்கும் ஆகாது. ஆகவே கட்டைப் பிரித்தார்கள். பாயிண்டுக்குப் பத்துப் பைசா. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமற் போயின. பத்துப் பைசா இன்னும் உயிரோடிருப்பது ரம்மிக் கணக்கு நோட்டில்தான். ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், மிடில் ஸ்கூட் 40, ஃபுல் 80. அதாவது ஒரு கைக்கு அதிகபட்ச நஷ்டம் 8 ரூபாய். தேநீர்ச் செலவு.

நள்ளிரவு தாண்டியதும் நடந்த உரையாடல்:

“மாப்ள, இப்படியே ஆடுனா தூக்கந்தான் வரும். பாயிண்டு ஒரு ரூவாயாப் போடுங்க.”

“மாமா, உங்களுக்கு ஏற்கெனவே எழுவது ரூவா மைனஸுங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

இக்கடைசி வரியே நம் ஆய்வின் மூலபாடம். மற்றதெல்லாம் உரை.

மேல்நாட்டுக் கொள்கை இதற்கு நேர்மாறானது. போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் ஒரு சோதனையில் இறங்கினார். சல்லிக்காசு போடாமல், இலவசப் போட்டிகளில் கிடைத்த சில்லறையைக் கொண்டே 10,000 டாலர் வரை ஏறிக் காட்டினார். கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவர் நோன்பு. (அவர் சார்ந்திருந்த இணையதள நிறுவனம் ஆட்டக்காரர்களின் பணத்தைக் கையாண்ட விதம் குறித்து அமெரிக்க அரசு 2011இல் வழக்குத் தொடுத்தது வேறு கதை, நோன்பு சொந்தப் பணத்துக்கு மட்டும் போலும்.) அந்த 5 சதவீதத்தை ரம்மிக்குப் பெயர்த்தால் இருபது ஃபுல் தாங்கும் கைமுதல் வேண்டும்: பத்துப் பைசாவுக்கு 160 ரூபாய், ஒரு ரூபாய்க்கு 1,600. மாமாவின் சட்டைப்பையில் அப்போது 340 இருந்தது, அதில் பஸ் காசும் சேர்த்தி.

ஜான் கெல்லி என்னும் பெல் ஆய்வுக்கூட அறிஞர் 1956இல் இன்னும் கறாராகச் சொன்னார். போட்ட அளவே கிடைக்கும் பந்தயத்தில் நூற்றுக்கு 55 முறை வெல்லக்கூடியவன் கைமுதலில் பத்தில் ஒரு பங்கு வைக்கலாம். 50 முறை மட்டுமே வெல்பவன் வைக்க வேண்டிய தொகை பூச்சியம். இந்த முடிவை எந்த ஆட்டக்காரரும் தமக்குப் பொருத்திக்கொண்டதில்லை. ரம்மி பெரிதும் திறமையாட்டமே என்ற 1967ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாமா மனப்பாடமாகச் சொல்வார். அத்திறமை தம்மிடம் இருப்பதாக நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைத்தான் விட்டுவிடுவார். காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்ததும் அவர் உரையில் இடம்பெறாது.

இலக்கியச் சான்றுக்கு வருவோம். தருமன் பொன், தேர், யானை, நாடு, தம்பியர், தான், மனைவி என்று ஏறிக்கொண்டே போனான். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு தோல்விக்கு மறுநொடி நிகழ்ந்தது. இதுவே மாமா மரபு. இதற்கு எதிர்மரபு கொல்லிமலைக்காரனுடையது. ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி வழியாக உடும்பில் போய்த் தைத்தது என்கிறது புறநானூறு. பெரியதில் தொடங்கிச் சிறியதில் நின்றிருக்கிறது. உடும்புக்குப் பின் யானையைத் தேடவில்லை. பின்னாளில் அவன் மலையை இழந்தது காரியோடு நடந்த போரில். அதை நம் கணக்கில் சேர்ப்பது முறையன்று.

ஏறுவதற்கு விதி உண்டு, இறங்குவதற்கு ஏன் இல்லை? கைமுதலின் ஒரு பாதி பணம், மறுபாதி கௌரவம். முதற்பாதி தீர்ந்த பிறகும் மறுபாதியை வைத்து ஆடலாம் என்று நம்புவதால்தான், “பழையபடி பத்துப் பைசாவுக்கே வாங்க” என்ற வாக்கியம் இந்நாட்டு ரம்மிப் பாய்களில் கேட்பதே இல்லை. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதில் தெளிவானவர்கள்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே ரப்பர் தீயும் வாடை வரும்.

இவ்விதியைப் பாய்க்கும் கொண்டுவந்து, மூன்று ஃபுல் தொடர்ந்து விழுந்தால் பாயிண்ட் தானாகவே பழைய விகிதத்துக்கு இறங்கிவிடும், யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு திருத்தம் அவைமுன் வைக்கப்பட்டது. மிகவும் நியாயம் என்றார்கள். மாமாவே வழிமொழிந்தார். அடுத்த ஆடியிலிருந்து அமலாக்குவதாக ஒருமனதாக முடிவாகி, சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். பாயிண்டுக்கு ஒரு ரூபாய்.