குறி தப்பிய அம்பு கணக்கில் சேருமா?

மேசையில் பகடை உருட்டி வீரசாகசம் ஆடுகிறவர்கள், மந்திர ஆயுதத்தின் விதியில் ஓட்டை கண்டால் உடனே வக்கீலாகிவிடுகிறார்கள். 2014இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூலின்படி வெறுங்கை ஆயுதமில்லை. ஆனால் வெறுங்கையால் விடும் குத்து ‘ஆயுதத் தாக்குதல்’தான். இதை வைத்தே ஒரு சாயங்காலத்தை ஓட்டலாம். எழுத்துப்படி போனால்தான் நடுநிலை, இல்லையென்றால் ஆட்டத்தை நடத்துகிறவர் வைத்ததே சட்டம் என்பார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் எழுத்தே நடுநிலை என்றால், பாரதி புதுவையில் இருந்தபோது 1912இல் முதல் பாகம் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தின் பீஷ்மரைத்தான் தலைசிறந்த நடுவராகக் கொண்டாட வேண்டும். தன்னையே தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு, அநீதிதான், ஆனால் சாத்திரம் இடம் தருகிறதே என்று கைவிரித்தவர் அவர்.

கர்ணன் கதை வேறு. நாகாஸ்திரத்தை மறுமுறை விடுவதில்லை என்று குந்திக்கு வாக்கு. கண்ணன் தேரை அழுத்த, அம்பு அர்ச்சுனனின் முடியை மட்டும் கொண்டுபோனது. குறி தப்பினால் அது ஒரு முறையாகுமா? நம்மவர்கள் கேட்டிருப்பார்கள், தேரை அழுத்தியது செல்லாது என்று மனுவும் போட்டிருப்பார்கள். பாம்பே வந்து கெஞ்சியும் கர்ணன் மசியவில்லை. அதனால்தான் செத்தான் என்பீர்கள், உண்மை. ஆனாலும் விதியைத் தனக்குப் பாதகமாகப் படித்தவனின் வாசிப்பை இதுவரை யாரும் சந்தேகித்ததில்லை. ஆகவே நடுவர் அகராதியைப் புரட்ட வேண்டாம். எதிரி கையில் இதே வாள் இருந்தாலும் இதே பொருள்தானா என்று கேட்டால் போதும். பெரும்பாலும் வழக்கு வாபஸாகி, பகடை உருளத் தொடங்கிவிடும்.