கவிழ்த்துப் பார்ப்பவர்

இவர் வீட்டுக்கு வந்தால் "உட்காருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உட்காரமாட்டார். நாற்காலியைக் கவிழ்ப்பார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, நாற்காலிக்கு அடிவயிறு. மேலே வார்னிஷ் பொய் சொல்லுமாம். முழங்காலிட்டு செல்போன் விளக்கை அடிப்பார். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு என்றால் "உம்..." என்பார். கூட்டல் குறி என்றால் முகம் சுண்டிவிடும். பிறகு விரல் பிரம்புக்குப் போகும். சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்குத் துளை கோத்துப் பின்னியிருந்தால் கைவேலை. பாயாக வாங்கிக் காடியில் செருகிப் பசை போட்டிருந்தால், "மெஷின் பின்னல்" என்று சொல்லிவிட்டு, நாம் கொடுத்த காபியையும் சந்தேகமாகப் பார்ப்பார்.

கல்யாண மண்டபங்களைப் பிளாஸ்டிக் காப்பாற்றியது. துக்க வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு பதினாறாம் நாள் காரியத்தில், பெரியவர் ஒருவர் கை அலம்ப எழுந்தார். திரும்பி வந்தால், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான்கு கால்கள் ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. "ஒரு நிமிஷம் சார், எழுத்து ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்."

எல்லாம் சண்டிகர் மோகம். லெ கொர்பூசியே அந்த நகரத்தைக் கட்டியபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜன்னரே அங்கேயே தங்கி, ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி வடிவமைத்தார். கால்கள் தலைகீழ் 'வி'யாக நிற்கும். உடைந்ததை மொட்டைமாடியில் குவித்து, காயலான் சாமானாக ஏலம் விட்டார்கள். வாங்கிப்போனவர்கள் பாரிசிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு தடை போட்டபோது வருஷம் 2011. முதுகுச் சட்டத்தில் இலாகா பெயரும் எண்ணும் பெயின்டில் இருந்தால் அசல் என்பார்கள். இப்போது எழுத்தையும் சேர்த்தே போலி செய்கிறார்கள்.

இந்தப் புதையலைத்தான் நம்மவர் வெள்ளிதோறும் பல்லாவரம் சந்தையில் தேடுகிறார். இதுவரை எழுத்தோடு கிடைத்தது ஏதோ ஒரு தாலுகா ஆபீஸ் ஸ்டூல்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த நாற்காலியைக் கவிழ்த்தவர், "ஆணி அடிச்சுடாதீங்க, மரம் பிளந்துடும்" என்று பதறி, மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிக் கயிறு கட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார். இன்றுவரை ஆடவில்லை.

ஆனால் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வயசான அம்மாவிடம் இவர் நடந்துகொண்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஈட்டி மரக் கைநாற்காலி. துளைப் பின்னல், ஒற்றைக் கோட்டுத் திருகாணி, எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிறவர், அங்கே "உம்" கூடக் கொட்டவில்லை. "கறையான் அரிச்சிருக்கும்மா. பிரம்பு மாத்தவே ஆயிரக்கணக்கில ஆகும்." கறையானும் இல்லை, ஒன்றும் இல்லை, நானும் கூட நின்று பார்த்தேன். அந்த அம்மா எழுநூறு கேட்டார். அதன் விலை தெரிந்த மனுஷன், அறுநூற்றைம்பதுக்கு முடித்தார். அந்த ஐம்பது ஆட்டோ சத்தத்துக்காம்.